ஒரு மரம், வாரம் ஒரு பார்வை: மரங்களின் பருவத்தைப் பதிவுசெய்யும் தன்னார்வலருக்கு முழுமையான வழிகாட்டி

உங்கள் தெருவில் நிற்கும் வேம்பு எப்போது பூக்கும் என்று கேட்டால், பங்குனி சித்திரையில் என்று யாரும் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். போன ஆண்டு எந்த வாரத்தில் முதல் பூ வந்தது, அதற்கு முந்தைய ஆண்டைவிட முன்னதாகவா பின்னதாகவா, பூ எத்தனை வாரம் நின்றது, அதில் எவ்வளவு காயாகப் பிடித்தது என்று அடுத்து கேளுங்கள். பதில் வராது. நினைவில் மாதம்தான் தங்கும், வாரம் தங்காது. மழையும் வெயிலும் முறை மாறிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் மரங்கள் அதற்கு என்ன செய்கின்றன என்று அறிய, வாரக் கணக்கு வேண்டும். ஒரு மரத்துக்கு அல்ல, பல்லாயிரம் மரங்களுக்கு. ஓர் ஆண்டுக்கு அல்ல, பல ஆண்டுகளுக்கு. அத்தனை மரங்களுக்கும் போய் நிற்க எந்த ஆய்வு நிறுவனத்திலும் ஆள் கிடையாது. அந்த இடத்தில்தான் நீங்களும் நானும் வருகிறோம்.

இந்தியாவில் இதற்கென நடக்கும் மக்கள் அறிவியல் திட்டம் சீசன்வாட்ச். மைசூருவை மையமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன், விப்ரோவின் ஆதரவோடு பத்தாண்டுகளுக்கும் மேலாக இதை நடத்திவருகிறது. பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், வீட்டிலிருப்பவர்கள் என யாரும் சேரலாம். கட்டணம் இல்லை, தாவரவியல் பட்டம் வேண்டியதில்லை. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை பார்த்து, இலை, பூ, காய் எந்த நிலையில் இருக்கின்றன என்று இணையதளத்திலோ கைபேசிச் செயலியிலோ பதிய வேண்டும். ஒரு மரத்துக்கு ஐந்து நிமிடம் போதும்.

வேலை எளிதாகத் தோன்றுவதால் பலர் உற்சாகமாகத் தொடங்கி, மூன்றாம் மாதம் விட்டுவிடுகிறார்கள். மரத்தில் எதுவும் நடக்காத வாரங்களில்தான் அவர்கள் கை தளர்கிறது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: “பூ இல்லை, காய் இல்லை” என்று எழுதும் வாரம், மரம் முழுக்கப் பூத்து நிற்கும் வாரத்துக்கு எந்த வகையிலும் குறைந்தது அல்ல. இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் முறைகளில் பாதி, அந்த வாரங்களை விட்டுவிடாமல் இருப்பதற்கானவை.

நம் பக்கத்துக்குத் தனிக் கணக்கு ஏன் வேண்டும்

சீசன்வாட்சுக்கு வந்து சேரும் பதிவுகளில் மிகப் பெரும் பங்கு கேரளத்திலிருந்து வருகிறது. அங்கே பள்ளிகள் மொத்தமாக இறங்கி வேலை செய்கின்றன. அந்தப் பதிவுகளை வைத்துத் தமிழ்நாட்டு மரங்களைப் பற்றி முடிவு செய்ய முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, இந்தப் பக்கம் கடலூரிலும் நாகையிலும் வெயில் காய்கிறது. நம் கடலோர மாவட்டங்களுக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில்தான் வருகிறது. திருச்சூரில் நிற்கும் நாவலும் திருவாரூரில் நிற்கும் நாவலும் ஒரே இனம். ஆனால் அவற்றின் ஆண்டு வேறு.

நம் மரங்களின் நடத்தை குளிர்நாட்டுப் பாடங்களுக்கும் அடங்காது. பனி உருகி வெப்பம் ஏறினால் இலை துளிர்க்கும் என்பது ஐரோப்பியக் கணக்கு. நம் வறண்ட காடுகளில் பல மரங்கள் மழை வருவதற்கு முன்பே, மண் காய்ந்து கிடக்கும் மாதங்களிலேயே துளிர்த்துவிடுகின்றன. முதுமலைக் காட்டில் இந்திய அறிவியல் கழகத்தார் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு காரணத்தைக் காட்டியது. மழைக்கு முன்பே துளிர்த்த மரங்களின் இலைகளைப் பூச்சிகள் குறைவாகத் தின்றிருந்தன. மழையோடு பூச்சி பெருகிய பிறகு துளிர்த்தவை அதிகம் கடிபட்டன. அப்படியானால் மழை நாள் தள்ளிப்போகும்போது இந்தக் கணக்கு என்ன ஆகும்? பூச்சி வருகிற வாரமும் துளிர் வருகிற வாரமும் ஒன்றின்மேல் ஒன்று விழுமா, விலகிப்போகுமா? வாரப் பதிவு இல்லாமல் இந்தக் கேள்வியை ஊகிக்கலாமே தவிர, பதில் சொல்ல முடியாது.

எந்த மரம்

அழகான மரத்தைத் தேட வேண்டாம். நீங்கள் எப்படியும் கடந்துபோகும் மரத்தைத் தேடுங்கள். பேருந்து நிறுத்தம், பால் வாங்கும் வழி, பிள்ளையைப் பள்ளியில் விடும் வழி, மாலை நடைக்குப் போகும் குளக்கரை. பார்ப்பதற்கென்றே இரண்டு கிலோமீட்டர் போக வேண்டிய மரம், ஐப்பசி மழையில் கைவிடப்படும்.

அடுத்து, மரத்தின் தலைப்பகுதி முழுதும் தெரிகிற இடமா என்று பாருங்கள். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பாதி மட்டும் தெரியும் மரம் வேண்டாம். மின்கம்பிக்குக் கீழே நின்று ஆண்டுக்கொருமுறை மின்வாரிய ஆட்களிடம் கிளை இழக்கும் மரமும் வேண்டாம். வெட்டிய பிறகு அது எந்தப் பருவத்திலும் துளிர்க்கும். அந்தத் துளிர் மழைக்கோ வெயிலுக்கோ வந்ததல்ல, அரிவாளுக்கு வந்தது. வீட்டுத் தோட்டத்தில் தினமும் தண்ணீர் குடிக்கும் மரத்தையும் எடுக்கலாம், ஆனால் வேறு வழி இருந்தால் ஏரிக்கரை, புறம்போக்கு, கோயில் நந்தவனம், கல்லூரி வளாகம் ஆகியவற்றில் தானாக வளர்ந்து நிற்பதைத் தேர்ந்தெடுங்கள்.

என் முதல் பரிந்துரை புங்கை. மாசி பங்குனியில் மொத்தமாக இலை கொட்டி, சில நாட்களிலேயே பளபளக்கும் இளம்பச்சைக்கு மாறிவிடும். மாற்றம் இவ்வளவு துலக்கமாகத் தெரியும் மரம் தொடங்குபவரின் கண்ணைப் பழக்கிவிடும். சரக்கொன்றையும் அப்படியே. இலவம் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூக்கும், தொலைவிலிருந்தே பதியலாம். வேம்பு எங்கும் கிடைக்கும், ஆனால் பூ சிறியது, கொஞ்சம் கவனம் கேட்கும். நாவல், புளி, இலுப்பை, மா, பூவரசு ஆகியவையும் நல்லவை. ஆலும் அரசும் அத்தியும் இரண்டாம் ஆண்டுக்கு இருக்கட்டும். அவற்றின் பூ காய்போன்ற உருண்டைக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் வெளியிலிருந்து பூவைப் பார்க்க இயலாது. பனையை எடுப்பதானால் ஆணா பெண்ணா என்பதைப் பாளையைப் பார்த்து முதலில் தெளிந்துகொள்ளுங்கள். ஆண்பனையில் ஆண்டு முழுக்க நுங்குக்குக் காத்திருந்து பயனில்லை.

ஊரில் பழைய கோயில் இருந்தால் தலமரத்தைப் போய்ப் பாருங்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கடம்பு, காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா, திருப்பாதிரிப்புலியூருக்குப் பாதிரி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உறுதியாகத் தெரியும். யாரும் வெட்ட மாட்டார்கள். இருபது ஆண்டு கழித்தும் அங்கேயே நிற்கும். நீண்டகாலப் பதிவுக்கு இதைவிடப் பாதுகாப்பான மரம் கிடைப்பது அரிது. நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

ஒரே இனத்தில் இரண்டு அல்லது மூன்று மரம் எடுப்பது, மூன்று இனத்தில் ஒவ்வொன்று எடுப்பதைவிட நல்லது என்பது என் கருத்து. ஒரு வேம்பு பூக்கத் தவறினால் அது அந்த மரத்தின் நோயா, அந்த ஆண்டின் நிலையா என்று சொல்ல முடியாது. மூன்று வேம்புகளும் தவறினால் அது ஆண்டைப் பற்றிய செய்தி.

பெயரில் தவறக்கூடாது

இனம் தவறாகப் பதிவானால் அதன்மேல் எழுதும் ஒவ்வொரு வாரமும் தவறுதான். நம் ஊரில் அடிக்கடி குழப்பம் வரும் சில இணைகளைச் சொல்கிறேன்.

மஞ்சளாகப் பூத்தாலே கொன்றை என்று எழுதிவிடுகிறார்கள். சரக்கொன்றையின் பூங்கொத்து சரமாகக் கீழே தொங்கும். காய் ஏறக்குறைய ஒரு முழ நீளத்தில் உருளையாக, முற்றினால் கருப்பாக இருக்கும். சாலையோரங்களில் வரிசையாக நட்டிருக்கும் மஞ்சள் கொன்றையின் பூங்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும், காய் தட்டை. பெருங்கொன்றைக்கு இலை மிகச் சிறிதாகப் பிரிந்து வாகையைப்போல இருக்கும், காய் செம்புநிறத்தில் தட்டையாக மரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

வேம்பின் இலை ஒரே ஈர்க்கில் இருபுறமும் வரிசை கட்டும், ஓரம் பல்பல்லாக இருக்கும். மலைவேம்பின் இலை ஈர்க்கிலிருந்து கிளை ஈர்க்கு, அதிலிருந்து சிற்றிலை என்று மேலும் பிரியும். பள்ளி வளாகங்களில் அசோக மரம் என்று சொல்லும் ஒல்லியான நெடுமரம் பெரும்பாலும் நெட்டிலிங்கம். உண்மையான அசோகம் ஆரஞ்சுச் சிவப்பில் கொத்தாகப் பூக்கும் வேறு மரம். இலவத்தின் பூ சிவப்பு, பஞ்சு மரம் என்று தெருவில் சொல்லும் வெள்ளிலவத்தின் பூ வெளிர் நிறம். கல்யாண முருங்கைக்கும் புரசுக்கும் மூன்று மூன்றாக இலை இருப்பதால் மயங்குவார்கள். கல்யாண முருங்கையின் கிளையில் முள் இருக்கும், புரசில் இருக்காது.

படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட், கூகுள் லென்ஸ் போன்ற செயலிகள் நல்ல துணை. ஆனால் ஓர் இலைப் படத்தை மட்டும் காட்டிக் கேட்டால் தடுமாறும். இலையின் மேற்புறம், அடிப்புறம், இலை கிளையில் பொருந்தியிருக்கும் விதம், பட்டை, பூ, காய், முழு மரம் எனத் தனித்தனியே படம் எடுத்துக் காட்டுங்கள். பிறகு அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடமும் கேளுங்கள். ஆடு மேய்ப்பவரும் விறகு சுமந்தவரும் பட்டையைத் தொட்டே சொல்வார்கள். இரண்டு வழியிலும் ஒரே பெயர் வந்தால் பதியுங்கள். வரவில்லையென்றால், மரம் பூக்கும்வரை காத்திருங்கள். அதுவரை நோட்டில் எழுதிவைத்து, பெயர் உறுதியான பின் ஏற்றலாம்.

மரத்தைப் பதிவுசெய்தல்

இணையதளத்தில் கணக்குத் தொடங்கியபின், மரத்துக்கு ஒரு தனிப்பெயர் கொடுத்து, இனத்தைக் குறித்து, அது நிற்கும் இடத்தை வரைபடத்தில் குத்த வேண்டும். “வேம்பு 1” என்று பெயர் வைக்காமல் “குழாயடி வேம்பு”, “மேலத்தெரு வேம்பு” என்று வையுங்கள். ஆறு மாதம் கழித்து எது எது என்று தேட வேண்டியிராது. இடத்தைக் குறிக்கும்போது மரத்தடியில் நின்றே குறியுங்கள். வீட்டுக்கு வந்து நினைவில் குத்தினால் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும்.

சுற்றளவை அளக்கத் தையற்கடை டேப் போதும். தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி உயரத்தில் தண்டைச் சுற்றி அளப்பது வனத்துறையினர் வழக்கம். உங்கள் உடம்பில் அந்த உயரம் எங்கே வருகிறது என்று ஒருமுறை பார்த்துவைத்துக்கொண்டால் ஒவ்வொரு மரத்துக்கும் தேட வேண்டாம். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப்பக்கமிருந்து உயரம் கணக்கிடுங்கள். அந்த இடத்தில் முண்டு இருந்தால் சற்று மேலே அளந்து, எங்கே அளந்தீர்கள் என்று எழுதுங்கள். அடியிலேயே பல தண்டாகப் பிரிந்திருந்தால் பருத்த தண்டை அளந்து, மொத்தம் எத்தனை என்பதையும் நோட்டில் குறியுங்கள்.

உயரத்துக்கு நுட்பம் தேவையில்லை. ஒருவரை மரத்தடியில் நிற்கச் சொல்லி, தொலைவில் நின்று, அவர் உயரம் எத்தனை மடங்கு வைத்தால் மர உச்சி வரும் என்று ஒரு குச்சியைக் கண்முன் பிடித்து எண்ணுங்கள்.

வாரப் பார்வை

இதுதான் வேலையின் உயிர். கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

நாளை முடிவு செய்யுங்கள். ஞாயிறு காலை என்றால் எப்போதும் ஞாயிறு காலை. ஒருநாள் முன்பின் ஆனால் பாதகமில்லை, ஆனால் “இந்த வாரம் எப்போதாவது” என்று விட்டால் வாரமே போய்விடும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் கொழுந்தும் முற்றிய இலையும் ஒரே கருப்பாகத் தெரியும். முதலில் தொலைவில் நின்று முழு மரத்தையும் பாருங்கள், பிறகு கிட்டே போய்ச் சுற்றி வாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பூப்பது மாமரத்தில் சாதாரணம். சாலைப் பக்கத்தில் மட்டும் நின்று பார்ப்பவர் அதைத் தவறவிடுவார்.

ஒவ்வொரு நிலைக்கும் மூன்று பதில்கள்தாம்: இல்லை, கொஞ்சம், நிறைய. மரத்தின் தலைப்பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் கொஞ்சம், அதற்கு மேல் என்றால் நிறைய. மனத்துக்குள் தலைப்பகுதியை மூன்று கூறாகப் போட்டு, அங்கங்கே சிதறியிருக்கும் பூக்களையெல்லாம் ஒரு கூறுக்குள் ஒதுக்கினால் அது நிரம்புமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எண்ண வேண்டாம். எண்ண முற்பட்டவர்கள் இரண்டாம் வாரமே களைத்துப்போவார்கள்.

ஒவ்வொரு நிலையும் தனித்தனி. கொழுந்து நிறைய, முற்றிய இலை கொஞ்சம், பழுத்த இலை இல்லை என்று ஒரே வாரத்தில் வரலாம். கொழுந்தும் முற்றிய இலையும் இரண்டுமே நிறைய என்றும் வரலாம். மூன்றையும் கூட்டி ஒரு முழுமை வர வேண்டும் என்று நினைத்துத் திருத்தாதீர்கள்.

முதலில் இலை. கொழுந்தை நிறத்தாலும் தொங்கலாலும் அறியலாம். வேம்பிலும் மாவிலும் அது செம்புநிறம், அரசில் இளஞ்சிவப்பு, புங்கையில் எண்ணெய் தடவியதுபோன்ற இளம்பச்சை. முற்றிய இலை விறைப்பாக, கரும்பச்சையாக இருக்கும். பழுத்த இலை மஞ்சளாகி உதிரத் தயாரானது. இங்கே ஒரு கவனம் வேண்டும். நோய்பட்டுக் கருகிய இலை பழுத்த இலை ஆகாது. தென்னிந்தியாவில் பல இடங்களில் சில ஆண்டுகளாக வேம்பின் கிளை நுனிகள் கருகித் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மரம் இலை உதிர்க்கப்போகிறது என்றே தோன்றும். கிட்டே போனால் நுனி மட்டும் பழுப்பாகச் சுருண்டிருக்கும், உள்ளே இலைகள் பச்சையாக இருக்கும். அதைப் பருவ மாற்றமாக எழுதினால், பின்னால் அந்தப் பதிவைப் படிப்பவர் வேம்பு கார்த்திகையிலேயே இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டது என்று முடிவுகட்டுவார். குறிப்பில் “நுனி கருகல்” என்று எழுதிவிட்டு, பழுத்த இலையை அதன் உண்மையான அளவில் பதியுங்கள். புங்கை இலையில் காணும் வெள்ளைத் திட்டுகளும் பூச்சி வேலைதான்.

பிறகு பூ. மொட்டு வேறு, விரிந்த பூ வேறு. மொட்டு கண்ணில் பட்ட வாரம் மிக முக்கியமான வாரம். அதைப் பிடிக்க இருநோக்கி இருந்தால் நல்லது, இல்லையென்றால் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தரையில் கிடக்கும் பூவை மரத்துப் பூவாக எண்ணக்கூடாது. ஆனால் அது மேலே தேடச் சொல்லும் தடயம். வேப்பம்பூ கண்ணில் படுவதற்குமுன் மணத்திலும் தேனீ இரைச்சலிலும் தெரிந்துவிடும். மணம் வந்தால் கிளை நுனிகளை நிதானமாகத் தேடுங்கள். இலுப்பைப் பூ இரவில் விரிந்து விடியலில் கொட்டிவிடும், ஆகவே இலுப்பை வைத்திருப்பவர்கள் காலையில் போவது நல்லது.

கடைசியாகக் காய். பெரும்பாலான தவறுகள் இங்கேதான். சரக்கொன்றையின் கருப்புக் காய் ஓராண்டுவரைகூட மரத்தில் தொங்கும். புளியங்காயும் புங்கங்காயும் மாதக்கணக்கில் நிற்கும். அடுத்த பூ வந்துவிட்ட பிறகும் போன ஆண்டுக் காய் பக்கத்திலேயே இருக்கும். பச்சைப் பிஞ்சு தெரிகிறதா என்று தனியாகத் தேடுங்கள். காய், பழம், வெடித்தோ உலர்ந்தோ போனது ஆகியவை வெவ்வேறு நிலைகள். வேம்பில் பச்சைக் காயும் மஞ்சள் பழமும் ஆனி ஆடியில் ஒரே கொத்திலேயே இருக்கும். இரண்டையும் பதிய வேண்டும். பழுத்ததா என்று சந்தேகம் வந்தால் மரத்தடியைப் பாருங்கள். மைனாவும் குயிலும் வந்து போயிருந்தால் கொட்டைகள் கிடக்கும்.

போன வாரப் பதிவைப் பார்த்துவிட்டு மரத்தைப் பார்க்காதீர்கள். போன வாரம் “கொஞ்சம்” என்று எழுதியிருந்தால் இந்த வாரம் “நிறைய” ஆகியிருக்க வேண்டுமே என்று மனம் சொல்லும். மரத்துக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. பார்த்து, மரத்தடியிலேயே பதிந்து, அதன்பிறகு வேண்டுமானால் ஒப்பிடுங்கள்.

எதுவும் நடக்காத வாரங்கள்

முதல் பூவை மார்ச் 22-இல் பதிகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 15-இல் “பூ இல்லை” என்ற பதிவு இருந்தால், பூத்தது அந்த ஏழு நாட்களுக்குள் என்று உறுதியாகச் சொல்லலாம். அதற்கு முந்தைய பதிவு பிப்ரவரி 1-இல் என்றால், பூ எப்போது வந்தது என்பது ஏழு வார மூட்டத்துக்குள் போய்விடுகிறது. மரம் ஒரு வாரம் முந்திப் பூத்ததா என்பதை அந்தப் பதிவிலிருந்து யாராலும் எடுக்க முடியாது. பூத்த நாளில் நீங்கள் எடுத்த அழகான படமும் அதைச் சரிசெய்யாது.

இன்னொன்றும் உண்டு. பூத்தபோது மட்டும் பதிபவர்கள் ஆயிரம் பேர் சேர்ந்தால், அந்த இனம் ஆண்டு முழுக்கப் பூப்பதுபோன்ற தோற்றம் கிடைக்கும். எங்கோ ஒரு மரம் எப்போதும் பூத்திருக்கும் அல்லவா? பூக்காத மரங்களின் கணக்கு இருந்தால்தான் அந்த வாரத்தில் நூற்றுக்கு எத்தனை பூத்தன என்று தெரியும். சரக்கொன்றை காலம் தப்பிப் பூக்கிறது என்ற பேச்சு ஒவ்வொரு சித்திரை விசுவிலும் எழுகிறது. அது உண்மையா, எந்த அளவுக்கு உண்மை என்பதை நிறுவ, கார்த்திகையிலும் மார்கழியிலும் கொன்றையடியில் போய் நின்று “இல்லை” என்று எழுதியவர்கள்தாம் வேண்டும்.

ஒரு வாரம் போக முடியாமல் போனால் அதை வெற்றாக விடுங்கள். நினைவிலிருந்தோ, முன்பின் வாரத்தைப் பார்த்தோ நிரப்பாதீர்கள். விடுபட்ட வாரம் ஆய்வாளருக்குத் தெரியும், அவர் அதற்கேற்பக் கணக்கிடுவார். நிரப்பப்பட்ட வாரம் யாருக்கும் தெரியாது.

புயலும் வெட்டும்

2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையில் மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பர் 16-இல் கஜா டெல்டாவைக் கடந்தது. புயலுக்குப் பின் நின்ற மரங்களில் பல இலை முழுதும் இழந்து, வழக்கமில்லாத காலத்தில் துளிர்க்கும். இப்படிப்பட்ட நேரத்தில் பதிவை நிறுத்தாதீர்கள். என்ன நடந்தது என்பதைக் குறிப்பில் எழுதி, பார்த்ததை அப்படியே பதியுங்கள். கிளை வெட்டு, தீ, பட்டை உரிப்பு, அடியில் சிமென்ட் தளம் போட்டது ஆகியவையும் குறிப்புக்கு உரியவை. மரம் விழுந்தோ வெட்டப்பட்டோ போனால், அதை அந்தக் கணக்கிலேயே முடித்துவிட்டு, பக்கத்து மரத்தைப் புதிதாகப் பதியுங்கள். பழைய மரத்தின் பெயரிலேயே புது மரத்தைத் தொடர்ந்தால் இரண்டின் வரலாறும் கெட்டுவிடும்.

காட்டுக்குள் போகும்போது

சரணாலயங்களுக்குள்ளும் காப்புக்காட்டுக்குள்ளும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. தொடங்குபவருக்கு அந்தத் தேவையும் இல்லை. கிளை ஒடிப்பது, பட்டை சீவுவது, ஆணியடித்து எண் தொங்கவிடுவது எதுவும் வேண்டாம். பிச்சாவரம் பக்கம் தில்லை மரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதன் பாலைக் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பார்வையையே சில நாள் கெடுக்கும். சேங்கொட்டையின் சாறு தோலைக் கொப்பளிக்க வைக்கும். புதர் மண்டிய அடிமரத்தில் காலை வைக்குமுன் குச்சியால் தட்டுங்கள்.

பள்ளியிலும் குழுவிலும்

ஒரு வகுப்புக்கு ஒரு மரம் என்று கொடுத்தால் நாற்பது பேரும் ஒரே பக்கம் நின்று, முன்னால் நிற்பவன் சொல்வதையே எழுதுவார்கள். நாலைந்து பேருக்கு ஒரு மரம் கொடுங்கள். முதல் மாதம் ஒவ்வொருவரும் தனியே எழுதி, பிறகு தாள்களைச் சேர்த்துப் பார்க்கட்டும். ஒருவர் “கொஞ்சம்” என்றதை இன்னொருவர் “நிறைய” என்றிருந்தால் இருவரும் மரத்தடிக்குத் திரும்பிப் போய் வாதாடட்டும். இந்த வாதம்தான் கண்ணைத் தீட்டும். பிள்ளைகள் மொட்டை நம்மைவிட முன்னதாகக் காண்பார்கள். அதை நம்புங்கள், ஆனால் எந்தக் கிளை என்று காட்டச் சொல்லுங்கள். கோடை விடுமுறையில் யார் பார்ப்பது என்பதை மார்ச் மாதமே முடிவு செய்துவிடுங்கள். நம் மரங்களில் பல துளிர்த்துப் பூத்துக் காய்ப்பது பள்ளி பூட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மாதத்தில்தான். வளாகக் காவலரோ பக்கத்து வீட்டு மாணவியோ பொறுப்பேற்றால் ஆண்டின் மிக மதிப்பான பகுதி காப்பாற்றப்படும்.

ஓராண்டுக்குப் பிறகு

ஐம்பத்திரண்டு கட்டங்களை ஒரு கோட்டில் போட்டு, கொழுந்துக்குச் சிவப்பு, பூவுக்கு மஞ்சள், காய்க்குப் பச்சை என்று வண்ணமடியுங்கள். கீழே அடுத்த ஆண்டுக்கு இன்னொரு கோடு. மூன்றாம் கோடு வரும்போது உங்கள் மரத்தின் போக்கு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். பக்கத்திலேயே பெருமழை பெய்த வாரங்களையும் குறித்துவந்தால் நீங்களே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஒரு மனிதரின் குறிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ராபர்ட் மார்ஷம் என்ற நிலவுடைமையாளர் 1736-இல் தன் நிலத்தில் வசந்தத்தின் அறிகுறிகளைத் தேதியிட்டு எழுதத் தொடங்கினார். அவர் வழிவந்தவர்கள் 1958 வரை எழுதினார்கள். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மலர்ந்த நாட்கள் 9-ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. பூ விழாவுக்காகவும் நாட்குறிப்புக்காகவும் எழுதப்பட்ட தேதிகள் அவை. 2021-இல் மார்ச் 26 அன்று செர்ரி முழுதாய் மலர்ந்தபோது, ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பதிவில் அதுவே மிக முந்திய நாள் என்று சொல்ல முடிந்தது அந்தக் குறிப்புகளால்தான். நம் கொன்றைக்கும் இலுப்பைக்கும் அப்படி ஒரு தொடர் இனிமேல்தான் உருவாக வேண்டும்.

தொடர் என்பதால் கைமாற்றத்தையும் இப்போதே யோசியுங்கள். வேலை மாற்றலில் ஊர் விட்டுப் போகலாம், உடம்பு முடியாமல் போகலாம். பார்ப்பதற்கு ஒருவரை முன்கூட்டியே பழக்கிவையுங்கள். மரத்தின் பெயர், இடம், எந்தப் பக்கத்தில் நின்று பார்ப்பீர்கள், பூ முதலில் எந்தக் கிளையில் வரும், போன ஆண்டுக் காயை எப்படிப் பிரித்தறிவீர்கள் என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கிளம்புவதற்கு முன் சில வாரம் இருவரும் சேர்ந்து போய், தனித்தனியே எழுதி ஒப்பிடுங்கள். உங்கள் “கொஞ்சம்” அவருடைய “நிறைய”வாக இருந்தால் அப்போதே தெரிந்துவிடும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.